ஆயில் மூடிக்குள் இருந்த சிவப்பு வாஷர்

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் பெட்ரோல் வாசனை உண்டா? இல்லையென்றால் உங்களுக்கு எப்படிப் பொழுது போகிறது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

சபைப் பத்திரிகையில் உங்கள் படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். 'பிரிவால் வாடும்' என்று எழுதினால் நீங்களே சிரித்துவிடுவீர்கள். அதனால் உங்கள் வெள்ளை வண்டியின் சங்கதியை எழுதுகிறேன். கேட்க ஒரு கேள்வியும் இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. வருகிற சனிக்கிழமை நம் ஜெபாவுக்குக் கல்யாணம். தாராவியில் நம் சபைக் கோயிலில்தான். மாப்பிள்ளை செம்பூர்ப் பையன். நல்லவன், வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் மணிக்கணக்கில் பேசலாம், தலையாட்டியே கேட்பான். பூ வைத்த வாடகைக் கார் பேசட்டுமா என்று உங்கள் மகளிடம் கேட்டேன்.

"அப்பா வண்டியில கொண்டுபோய் எறக்குங்க மாமா. இல்லேன்னா வெள்ளச் சேலையோட நடந்தே வருவேன்" என்றாள்.

இந்த மழையில், நம் சந்தில், வெள்ளைச் சேலையோடு! பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை.

குர்லா ஷெட்டுக்குப் போய் நீலத் தார்ப்பாயை உருவினேன். வெயில் ஏறிய மாதத்தில் நீங்கள் போனீர்கள். அதற்குப் பிறகு அந்த வண்டியை யாரும் தொடவில்லை, மழை தொடங்கியும் அப்படியே நின்றது. பழைய பெட்ரோலை வடித்துப் புதிது ஊற்றி, பேட்டரி மாற்றி, சாவியைத் திருகினேன். உடனே பிடித்துக்கொண்டது. ஆனால் பின்னால் வந்த கரும்புகை இருக்கிறதே, எதிர் டீக்கடை பாய் வெளியே ஓடிவந்து, கல்யாணத்துக்கா கொசு மருந்துக்கா என்று இந்தியில் கத்தினார். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. பெட்ரோல் அதிகம்.

இதைப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஜெர்மன் கிழவிக்குக் கார்புரேட்டரும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. உள்ளே போகிற காற்று ஒரு தட்டைத் தூக்கும். தட்டு எவ்வளவு எழும்புகிறதோ, அதற்கேற்ப இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் பொருத்தம் பார்க்கிற தரகர், ஆழமான குழிக்குள் இருக்கும் ஒரு குட்டி ஸ்க்ரூ. அலன் கீ என்கிற நீளமான ஆறுமூலைச் சாவியை உள்ளே விட்டு, மயிரிழை அளவு திருப்ப வேண்டும். இடப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் குறையும். "கீ உள்ள இருக்கும்போது ஆக்ஸிலேட்டர்ல கால வச்ச, கால ஒடிச்சிருவேன் மாப்ள" என்பீர்களே, கால் இன்னும் பத்திரமாக இருக்கிறது.

இடப்பக்கம் திருப்பினேன். புகை நின்றது. பெரிய ஆள்தான் நான் என்று சீட்டியடித்துக்கொண்டு கிளம்பினேன். சயான் சிக்னல் வருவதற்குள் வண்டி குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கி, நின்றே போனது. பின்னாலிருந்த டாக்ஸிக்காரன் என் அம்மாவை விசாரித்தான். ஓரமாய்த் தள்ளிப் பிளக்கைப் பார்த்தால் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கிறது. இப்போது பெட்ரோல் போதவில்லை!

மறுநாள் காலை சூடில்லாமல் ஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக ஓடுகிறது. சூடானதும் நடுக்கம். வைத்த ஸ்க்ரூ வைத்த இடத்தில் இருக்க, பொருத்தம் மட்டும் எப்படி மாறும்? பெட்ரோல் கூடவில்லை, குறையவில்லை. அப்படியென்றால் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. ரப்பர் குழாய்களைத் தடவினேன், கிளிப்புகளை இறுக்கினேன். ஒன்றுமில்லை.

அப்புறம்தான் ஆயில் ஊற்றுகிற மூடி ஞாபகம் வந்தது. இன்ஜினை ஓடவிட்டு அதைத் திறந்தால் அந்த வழியாகவும் காற்று இழுக்கும், இன்ஜின் திக்க வேண்டும். ஆறியிருக்கும்போது திறந்தேன், திக்கியது. சூடாக்கிவிட்டுத் திறந்தேன். கண்டுகொள்ளவே இல்லை! ஏற்கெனவே அந்த வழியாகத்தான் காற்று போய்க்கொண்டிருக்கிறது.

மூடியைத் திருப்பிப் பார்த்தேன் அத்தான். ரப்பர் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் தோல் வாஷர். சிவப்புத் தோல். தோல் பட்டறைகளுக்கு நடுவே வாழும் தாராவிக்காரன் தவிர உலகத்தில் எவனாவது அங்கே தோலை வெட்டி வைப்பானா? மழை ஈரத்தில் பருத்து, காற்றுப் புகாமல் அடைத்துக்கொள்ளும். இன்ஜின் சூட்டில் காய்ந்து சுருங்கி, வழி விட்டுவிடும்.

உங்கள் கிறிஸ்துமஸ் வைபவமும் ஜூன் வைபவமும் அப்போதுதான் புரிந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை பானட்டைத் திறந்துவைத்து, காதைக் கொடுத்து, அலன் கீயைத் திருப்புவீர்கள். "இது வானிலை தெரிஞ்ச வண்டி மாப்ள" என்பீர்கள். சந்தே சுற்றி நின்று வாயைப் பிளக்கும். வானிலை தெரிந்தது வண்டிக்கு இல்லை, வாஷருக்கு! கிறிஸ்துமஸில் வெயில் காலத்துக்கு வைத்த கணக்கை அப்படியே விட்டுவிட்டு நீங்கள் போய்விட்டீர்கள். வாஷர் பருத்துக் காற்றை அடைத்ததும் அந்தப் பெட்ரோல் அதிகமாகிவிட்டது. அதுதான் மழையில் கரும்புகை.

வாஷரை எஸ்தர் அக்காவிடம் காட்டினேன். விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏல, இது என் கைப்பை! வாருல பாதிய எலி தின்னுட்டுன்னு சொன்னாரே!"

"எலிக்கு என்ன நேர்த்தியா வட்டம் வெட்டத் தெரியுது பாத்தியாக்கா?"

"பாவி மனுசன். அந்த எலிக்கு நான் மருந்து வேற வச்சேன்!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. ஜெபா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

குர்லா கடையில் ரப்பர் வளையம் கிடைத்தது. போட்டு, நன்றாகச் சூடாக்கி, ஸ்க்ரூவை மறுபடி மயிரிழை மயிரிழையாய் வைத்தேன். ஜெபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாண ஜாக்கெட் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியைப் புகைக்குழாய்க்கு ஒரு முழம் பின்னால் கம்பியில் கட்டினாள். தாராவி, சயான், குர்லா, திரும்ப வீடு. துணியில் சேறு தெறித்திருந்தது. கரி இல்லை. "சரி மாமா, ஏறுறேன்" என்றாள்.

இப்போது என் கேள்வி. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இத்தனை கெட்டிக்காரருக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கத் தோன்றாமலா போயிருக்கும்?

"நல்லாத் தெரியும்" என்கிறாள் அக்கா. "ரெண்டு நாள் வீட்டு வேலையிலருந்து தப்பிக்கத்தான் வச்சிருந்தாரு." வாஷரை விரலில் மாட்டித் திருப்பிக்கொண்டே, "இனிமே கிறிஸ்துமஸுக்கு யாரும் பானட்ட தொறக்க வேண்டாம், என்னல?" என்று கேட்டாள். வாஷரை அவள் திருப்பித் தரவில்லை.

அதனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். சனிக்கிழமை உங்கள் மகளைக் கரி படாமல் கோயில் வாசலில் இறக்குவேன். கிறிஸ்துமஸுக்கும் ஜூனுக்கும் வண்டியைச் சந்து முனையில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, அலன் கீயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஸ்க்ரூவைத் தொட மாட்டேன். சும்மா காதைக் கொடுத்துக் கேட்பேன். அக்கா உள்ளேயிருந்து திட்டட்டும்.

ஒரு வேலையும் இல்லாமல் பானட்டுக்குள் தலையை விட்டு நிற்கப்போகும்,
உங்கள் வாயாடி மச்சினன்
தங்கராஜ்