தேரடி போர்டில் என் முகம்

திருவொற்றியூர் குப்பம்,
ஐப்பசி, 2006

கண்ணுக்குள் வைத்து வளர்த்த என் மகன் செல்வத்துக்கு அம்மா எழுதுகிறேன். வடிவுடையம்மன் புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் கத்தார் சூட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நோகாமல் இருக்க வேண்டும், அதுதான் என் முதல் வேண்டுதல். நைனா நேற்று கடலில் இருந்து நல்ல வஞ்சிரம் கொண்டுவந்தார், குழம்பை இறக்கும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, மணலி ஆலைப் பக்கத்துக் காற்று அடித்தால் துணி காயப்போட முடியவில்லை, அப்படி ஒரு நாற்றம். போனில் சொல்லலாம் என்றால் பூத்தில் முதுகுக்குப் பின்னாலேயே ஆள் நிற்கிறது, இது நிதானமாகச் சொல்ல வேண்டிய சங்கதி, ஆரம்பத்தில் சிரிப்பு வரும், நடுவில் வயிறு எரியும், பதறாமல் கடைசி வரைக்கும் படி.

என் கன்னத்தில் மங்கு விழுந்து கறுத்துக் கிடந்தது உனக்குத் தெரியும். வெயிலில் உட்கார்ந்து மீன் விற்கிறவளுக்கு அது ஒன்றும் அதிசயம் இல்லை, ஆனால் தையில் உன் கல்யாணம், மாப்பிள்ளையின் அம்மா போட்டோவில் கொஞ்சம் பளிச்சென்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று தேரடியில் புதிதாகத் திறந்த அழகு கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் ஒரு கிரீம் கொடுத்தார், நர்சுப் பெண் ஃபைலுக்கு என்று சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள், மங்கு கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். ஆடி முடிவதற்குள் பார்த்தால் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு, இடது பக்கம் ‘முன்பு’ என்று போட்டு என் மூஞ்சி, வலது பக்கம் ‘பின்பு’ என்று போட்டு ரோஜாப்பூ மாதிரி யாரோ ஒரு பெண், இருபது வயசு கூட இருக்காது. மார்க்கெட்டில் பக்கத்துக் கூடைக்காரி பச்சையம்மா, “இன்னா கோவிந்தம்மாக்கா, அங்க சினிமா ஸ்டாரு கணக்கா நின்னுகினு, இங்க வந்து நெத்திலி வித்துகினு கீற” என்று கேட்டாள், மார்க்கெட்டே சிரித்தது. உன் நைனா போர்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “லெஃப்ட்ல கீறது என் பொண்டாட்டி, ரைட்ல கீறது யாருன்னு தோஸ்துங்க கேக்குறானுங்க, நான் இன்னா சொல்றது” என்றார். எனக்கும் சிரிப்புத்தான், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அதே போர்டை மலரும் பார்த்திருக்கிறாள். உனக்கென்று பேசி வைத்திருக்கிற நம் துரை மாமா பெண், அவளுக்குப் பரு வந்துபோன தழும்புதான், வேறு ஒரு குறையும் இல்லை, நீ வருவதற்குள் அதைப் போக்கிக்கொள்ளலாம் என்று யாரிடமும் சொல்லாமல் அங்கே போயிருக்கிறாள். தோலை உரிக்கிற மருந்து என்று எதையோ தடவினார்களாம், எரிகிறது எரிகிறது என்று இவள் சொல்லச் சொல்ல அப்படித்தான் இருக்கும் என்றார்களாம். பத்து நாள் அவள் இந்தப் பக்கமே வரவில்லை, நானே போய்ப் பார்த்தேன், துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விலக்கிப் பார்த்தால் இடது கன்னம் முழுக்க வெந்து கறுத்திருந்தது. “அவுரு வர வேணாம் அத்த, கல்யாணம் வேணாம்னு எழுதிடு” என்று அழுதாள்.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர், வெயிலில் சுற்றியிருப்பாள், அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்றார். என் போட்டோவை யாரைக் கேட்டுப் போட்டாய் என்றதற்கு, உங்களுக்கும் நல்ல விளம்பரம்தானே அம்மா என்று பல்லைக் காட்டினார். அதுவரை வாயே திறக்காத மலர், “நீங்க எழுதி வச்சத எதையும் நான் படிக்கல டாக்டரு. எங்க அத்த மூஞ்சி கீது, அத்தையே வந்த எடம் நல்லாத்தான் இருக்கும்னு வந்தேன்” என்றாள். செல்வம், அந்தச் சொல்லைக் கேட்டபின் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பெரியாஸ்பத்திரி தோல் பிரிவில் ரஹீமுன்னிசா என்று ஒரு டாக்டரம்மா, தங்கமான மனுஷி, அவர்தான் மருந்து கொடுத்து மலருக்குத் தைரியமும் சொன்னார். நான் போர்டு கதையைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டாக்டர் விளம்பரமே பண்ணக் கூடாதும்மா. புதுசா கிளினிக் திறந்தா, இடம் மாத்தினா பேப்பர்ல சொல்லிக்கலாம், வாசல்ல பேரும் படிப்பும் எழுதிக்கலாம். உங்க சம்மதம் இல்லாம உங்க போட்டோவப் போட்டது ரொம்பத் தப்பு, மெடிக்கல் கவுன்சிலுக்கு எழுதுங்க” என்றார். அப்போ நல்ல டாக்டர் எங்கே இருக்கிறார் என்று எங்களை மாதிரி ஜனத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர், “அதுதான் கஷ்டம், விதிப்படி நடக்கிறவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கோம், சத்தம் போடுறவங்க கிட்டதான் கூட்டம் போகுது” என்றார்.

கவுன்சிலுக்கு மனுவை மலரே எழுதினாள், நான் கையெழுத்துப் போட்டேன். கூப்பிட்டு விசாரித்தார்கள், நானும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்த ஆளை எச்சரித்து அனுப்பினார்கள், போர்டும் இறங்கியது, நைனா போய் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தார். அந்தச் சந்தோஷம் எத்தனை நாள் என்கிறாய், அதே வாசலில் இப்போது அந்த டாக்டர் பெண்டாட்டி பேரில் அழகு நிலையம் என்று வேறு போர்டு, வேறு யாரோ ஒருத்தி மூஞ்சி. அந்த அம்மா டாக்டர் இல்லையாம், அதனால் கவுன்சில் விதி அவளைப் பிடிக்காதாம். கேட்டதும் எனக்குப் பேஜாராகிவிட்டது. சரி, சட்டம் பிடிக்காவிட்டால் என் வாய் பிடிக்கட்டும் என்று மீன் வாங்க வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிவிடுகிறேன், ராயபுரத்தில் டாக்டரம்மா சாயங்காலம் உட்காருகிற இடத்தையும் சொல்லி அனுப்புகிறேன், பச்சையம்மா என்னைவிட ஒரு படி மேலே கத்துகிறாள். போன வாரம் எர்ணாவூரில் இருந்து ஒரு பெண் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு என்னைத் தேடியே வந்தாள்.

மலர் கன்னம் இப்போது எவ்வளவோ தேறிவிட்டது, காதோரம் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு நிற்கிறது, முழுக்கப் போகுமா என்பது டாக்டரம்மாவுக்கே நிச்சயம் இல்லை. கல்யாணம் வேணாம் என்ற பேச்சை அவள் விட்டுவிட்டாள், ஆனால் நீ இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னாள். அதற்காகப் போட்டோ எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு காலடிப்பேட்டையில் லியோனார்ட் ஸ்டுடியோவுக்குப் போனாள். ஸ்டுடியோக்காரர் பாவம் நல்ல எண்ணத்தில், கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்பைத் துடைத்துவிடுகிறேன் பாப்பா, ஒரு நிமிஷ வேலை என்றார். “வேணாண்ணா, அவுரு பாக்கப் போறது இந்த மூஞ்சிதான், அப்டியே குடு” என்று வாங்கிக்கொண்டாள். அந்தப் போட்டோவை இதோடு வைத்திருக்கிறேன்.

அம்மன் உனக்கு நீண்ட ஆயுசும் நல்ல மனசும் கொடுக்கட்டும், நைனாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். முகூர்த்தத்தில் மாற்றம் இல்லை, மார்கழி கடைசிக்குள் வந்து சேருகிற மாதிரி டிக்கெட் போட்டுவிடு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், போட்டோவைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றினாலும் முதலில் எனக்குப் போன் பண்ணாதே, அவளுக்குப் பண்ணு.

உன் மேல் உயிரான அம்மா,
தி. கோவிந்தம்மா