மூன்று வாரம் அழியாத மை

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. உனக்கு எழுத இத்தனை நாள் எனக்குத் துணிச்சல் வரவில்லை. போன மாதம் பரணில் இருந்த பழைய அட்டைப்பெட்டியை இறக்கினேன். நாம் வேலை பார்த்த அறக்கட்டளையின் காகிதங்களுக்கு நடுவே அந்தக் குப்பி கிடந்தது. உள்ளே மை காய்ந்து அடியில் கறுப்பாய் ஒட்டியிருந்தது. மூடியைத் திருகினால் இன்னும் லேசாக ஆஸ்பத்திரி வாசனை. மேலே ஒட்டியிருந்த சீட்டில் ஏதோ ஒரு நாட்டு மொழி. இப்போதுதான் கைப்பேசியைக் காட்டினால் எந்த மொழியையும் தமிழில் சொல்லிவிடுகிறதே, காட்டினேன். "விரலில் இட்ட குறி மூன்று வாரம் வரை அழியாது." பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி. அடிப் பாவி, இதைப் படிக்கத் தெரியாமல்தானே உன் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

இட ஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் செய்த வருஷங்கள் அவை. நமக்கு இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். நான் சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் வந்துபோகும் டைப்பிஸ்ட். நீ கரியாலூருக்கு அந்தப் பக்கத்து மலைக்கிராமத்துப் பெண். உங்கள் ஊரில் முதன்முதலாகப் பத்தாவது முடித்தவள். மலையில் எங்கள் வேலையெல்லாம் உன் காலில்தான் நடந்தது. என் பெயரை நீ ஒரு நாளும் சொன்னதில்லை. "ஏ டைப்பு, சாப்ட்டியா?" அவ்வளவுதான்.

வெளிநாட்டு அமைப்பு ஒன்று நம் மாதிரி நாடுகளில் தேர்தல் ஒழுங்காக நடக்க உதவி செய்கிறோம் என்று பணம் ஒதுக்கியது. அது மெட்ராஸில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு வந்து, அங்கிருந்து நறுக்கி நறுக்கி ஒப்பந்தமாக நம் கைக்கு வந்தது. மலைக்கிராமங்களில் ஓட்டுப் போடச் சொல்லித்தர வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் ஒத்திகையாக மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும், போட்டோவோடு அறிக்கை தர வேண்டும். அவர்கள் அனுப்பும் பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அச்சடிக்கும் எல்லாத் தாளிலும் அந்த வெளிநாட்டு அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் கடைசித் தேதி தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால். இதையெல்லாம் டைப் அடித்தவள் நான்தான், ஒன்றும் உறைக்கவில்லை.

உனக்கு ஒப்பந்தமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ஊர் ஜனம் ஓட்டுப் போட மலையிறங்கி அடிவாரத்துக்கு வர வேண்டியிருந்தது. போக வர ஒரு முழு நாள். பாதிப் பேர் இறங்குவதே இல்லை. யாரோ ஒரு அதிகாரி உன்னிடம் சொல்லியிருந்தார், இந்த முறை உங்கள் ஊர் ஓட்டு நிறைய விழுந்தால் அடுத்த முறை மேலேயே வாக்குச்சாவடி கேட்கலாம் என்று. அதைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாய். "புள்ளத்தாச்சி முதக்கொண்டு எறங்கணும் டைப்பு. இந்த ஒருவாட்டி எறங்கிட்டா அப்பறம் எறங்கவே வேணாம்."

மாதிரி வாக்குப்பதிவை ஒரு மாதம் முன்பே நடத்தியிருக்க வேண்டும். மெட்ராஸிலிருந்து பெட்டி வரவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் புளியமரங்கள் சாலையில் படுத்துக் கிடந்தன. "கீழ மரத்த வெட்டிப் போட்டா சர்க்காரு பேச வாங்கன்னு கூப்புடுது. நாங்க ஒரு வெறகு ஒடிச்சா கேஸ் போடறான்" என்று சிரித்தாய். நம் அறக்கட்டளை டைரக்டர் நாள் நீட்டித்துக் கேட்டு மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தார். முடியாது என்று பதில் வந்தது. பெட்டி வந்து சேர்ந்தபோது தேர்தலுக்கு ஏழு நாள்.

பெட்டிக்குள் ஓட்டுப் போட நிற்கும் அட்டை மறைப்புகள், முத்திரைகள், மைக்குப்பிகள். வேறெங்கோ நடந்த தேர்தலில் மிஞ்சியவை. குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நீ கேட்டாய். "இந்த மை போயிடுமா? நெஜ ஓட்டு அன்னிக்கு வெரலப் பாப்பாங்களே." டைரக்டரும் நீயும் என்னைப் பார்த்தீர்கள். ஆபீசில் இங்கிலீஷ் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு பெயர். சீட்டில் இருந்தது இங்கிலீஷே இல்லை. படிக்கிற மாதிரி கண்ணை ஓட்டிவிட்டு, "ரெண்டு நாள்ல போயிடும்" என்றேன். தெரியாது என்று சொன்னால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? அந்த வயதுத் திமிர் சொல்லவிடவில்லை.

மறுநாளே உங்கள் ஊரில் நடத்தினோம். கட்சிச் சின்னம் கூடாது என்பதால் பலாப்பழம், தேன்கூடு, கடுக்காய் வரைந்து வைத்தாய். உன் சித்தப்பா மகன் கடுக்காய்க்குக் குத்திவிட்டு, "ஜெயிச்சா இது இன்னா செய்யும்?" என்றான். "ஜெயிச்சப்பறம் உன்ன யாருன்னு கேக்கும்" என்றாய். ஊரே சிரித்தது. எல்லோரும் மை வைத்த விரலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், போட்டோ எடுத்தோம். அத்தனை சந்தோஷமாக உன்னை நான் பார்த்ததே இல்லை.

நாலாம் நாள் மூச்சிரைக்க ஆபீசுக்கு வந்து விரலை நீட்டினாய். "போவல டைப்பு. புளி போட்டாச்சு, சாம்பல் போட்டாச்சு, கல்லுல தேச்சாச்சு." ஓடிப்போய் டைரக்டரிடம் சொன்னேன். டைரக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. இது பயிற்சிக்காக வைத்த மை என்று கடிதத்தாளில் நாலு வரி அடிக்கச் சொன்னார். கடிதத்தாளின் தலையில், ஒப்பந்தப்படி, அந்த வெளிநாட்டு அமைப்பின் பெயர் பெரிதாக இருந்தது.

தேர்தலன்று அடிவாரத்தில் நானும் இருந்தேன். விடிந்ததும் கிளம்பி, கைக்குழந்தையோடு, கம்பு ஊன்றிக்கொண்டு, உங்கள் ஊரே இறங்கி வந்தது. வரிசையில் முதல் ஆளின் விரலைப் பார்த்ததும் நிறுத்தினார்கள். நீ கடிதத்தை நீட்டினாய். அதைப் படித்ததும் சாவடி அதிகாரியின் முகம் மாறியது. "வெளிநாட்டுக்காரன் பணம் குடுத்து ஓட்டா? இன்னா நடக்குது இங்க?" போலீஸ் வந்து எல்லோரையும் ஓரம் தள்ளியது. நீ கையெடுத்துக் கும்பிட்டாய், கத்தினாய், அழுதாய். சாயங்காலம் வரை உங்கள் ஜனம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கதவைச் சாத்தும்வரை ஒருவரையும் உள்ளே விடவில்லை.

பணம் என்ற சொல் உங்கள் ஆட்கள் காதில் விழுந்துவிட்டது. உன் சித்தப்பா மகன்தான் கேட்டான். "யாரு சொன்னது மை போயிடும்னு?" நான் உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"நாந்தான் சொன்னேன்."

"அப்ப எங்க ஓட்ட எவங்கிட்ட வித்த?"

நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு பஸ்ஸுக்கு நிற்கும்போது, நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "நீ இன்னா வேணும்னேவா சொன்ன? வுடு. நீயும் வந்தா ரெண்டு பேரையும் ஏசுவாங்க. ஒருத்தியோட போவட்டும்" என்றாய். எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அறிக்கையில் இதை எழுதட்டுமா என்று டைரக்டரைக் கேட்டேன். "ஒப்பந்தம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு நடந்ததும்மா, இதுல எங்க எழுதுவ?" என்றார். உண்மைதான், அந்தப் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. "நோக்கம் முழுமையாக நிறைவேறியது" என்று டைப் அடித்தேன். விரல் தூக்கி நின்ற உங்கள் ஊர் போட்டோ அறிக்கையின் மேலட்டையில் வந்தது. அதைப் பார்த்து அவர்கள் அடுத்த ஒப்பந்தத்தையும் கொடுத்தார்கள்.

ஊர் உன்னை ஒதுக்கிவைத்தது, நீ வேலையையும் விட்டாய். சின்னசேலத்தில் ஒண்டுக்குடித்தன வீட்டில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டு காலத்தைத் தள்ளினாய். உன் அம்மா செத்தபோது வாய்க்கரிசி போடவிடாமல் உன்னை ஓரமாக நிறுத்தினார்கள். திரும்பி வந்து அதை என்னிடம் சொன்னபோதுகூட, ஏன்டி பேசாமல் இருந்தாய் என்று நீ கேட்கவில்லை. மலைக்கு வாக்குச்சாவடி வந்தது, ரொம்ப வருஷம் கழித்து. நீ ஒரு தடவைகூட அங்கே ஓட்டுப் போடவில்லை.

போன வாரம் உங்கள் ஊருக்குப் போனேன். உன் சித்தப்பா மகன் இப்போது ஊருக்கே தலைவர், ஊர்க்கவுண்டர். தலையெல்லாம் வெளுத்துவிட்டது. நாலு பேரைக் கூட்டிவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மை போய்விடும் என்று சொன்னது நான், அவள் ஒரு பைசா வாங்கவில்லை, பழி என்னுடையது என்று அழுதுகொண்டே சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இன்னாமா நீ. அவளே அவ வாயால சொன்னா, நாந்தான் சொன்னேன்னு. நாங்கல்லாம் அங்கதான நின்னுக்கினு இருந்தோம்?"

"எனக்காக அவ அப்படிச் சொன்னா" என்றேன்.

"செத்துப்போன சிநேகிதிக்காக இவ்ளோ தூரம் ஏறி வந்து பழிய உன் தலைல போட்டுக்கிற. யாருக்குமா இந்த மனசு வரும்?"

திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்களுக்கு என்மேல் மரியாதைதான் ஏறியது. சாமைச் சோறு போட்டார்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளுக்கு உன்ன மாதிரி ஒருத்தி கெடச்சாளே" என்றாள்.

உனக்கு வர வேண்டிய நல்ல பெயரையும் நானே வாங்கிக்கொண்டு மலையிறங்கி வந்திருக்கிறேன். இனி யாரிடம் போய்ச் சொல்வேன், சொல்.