நீலமே இருக்கட்டும் மேடம்

மாப்பிள்ளை,

நேற்று சாயங்காலம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிற்கும் ஃப்ரைட் ரைஸ் வண்டியைக் கடந்து வந்தேன். மாஸ்டர் சட்டியில் வினிகரை விசிறினார். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிட்டேன். ஊருக்கெல்லாம் அது ஃப்ரைட் ரைஸ் மணம். எனக்கு அது நம் லேப் மணம். சாயம் ஏற்றிய ஸ்லைடைக் கடைசியில் அசிட்டிக் அமிலத் தண்ணீரில் நீ அலசும்போது வருகிற மணம். "சாருக்கு ஒரு ஹாஃப் போடவா?" என்றார் மாஸ்டர். வேண்டாம் என்று சொல்ல மனம் வராமல் வாங்கித் தின்றேன். இன்று வயிறு சரியில்லை. அதற்கும் நீதான் பொறுப்பு.

பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தே நமக்கு வயதாகிவிட்டது. இறந்தவர்களின் இருதயத்திலிருந்து வெட்டி அனுப்பும் துண்டை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, ட்ரைக்ரோம் சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது நம் வேலை. மூன்று நிறம். உட்கரு கறுப்பு, தசை சிவப்பு, பழைய தழும்பு நீலம் அல்லது பச்சை. அந்த 'அல்லது'வில்தான் நம் சண்டை. நீல முறையில் ஒவ்வொரு தொட்டியாக முக்கி எடுக்க அரை நாள் போய்விடும். பச்சை முறையில் எல்லாம் ஒரே குடுவை; முக்கி வைத்துவிட்டு டீக்குப் போகலாம். நான் டீ கட்சி.

"பச்சையாம் பச்சை! கீரையில தக்காளியத் தேடுற கதைதான். தசைக்கு நடுவுல மெல்லிசா ஓடுற தழும்பு நாரு நீலத்துலதான் மாப்ள பிடிபடும்" என்பாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு பேராசிரியர் களை வரும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

நீல முறையின் நடுவில் ஒரு கட்டம் உண்டு. தசையும் தழும்பும் சேர்ந்து சிவப்பாகிவிடும். பிறகு ஓர் அமிலத்தில் போட்டால் தழும்பு மட்டும் சிவப்பை விடும். விட்ட இடத்தில்தான் பிறகு நீலம் ஏறும். சிவப்பு விட்டதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் நீ தவறாமல் என்னைக் கூப்பிடுவாய்.

"இங்கிட்டு வா மாப்ள. ஒனக்குக் கழுகுக் கண்ணு. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

நான் காலரைச் சரிசெய்துகொண்டு வருவேன். என் கண்ணின் பெருமையை வீட்டில்கூடப் பேசியிருக்கிறேன். "கழுகுக் கண்ணுக்கு ஃப்ரிட்ஜுல இருக்குற தயிரு மட்டும் தெரியாதாக்கும்" என்றாள் என் மனைவி. அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தப் புது மேடம் வந்தார். துறைத் தலைவர். வந்த வேகத்தில், இருதயத்துக்கு இனி ஒரே முறைதான், எது என்று தேர்ந்தெடுக்கலாம் என்றார். ஒரே இருதயத்தின் துண்டுகள்; உனக்கு நீலம், எனக்குப் பச்சை. நான் டீ குடித்துவிட்டு வந்தும் உனக்கு முன்னால் முடித்தேன். மூன்று பேர் ஒரே நேரத்தில் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பில் மேடம் என் பச்சை ஸ்லைடை வைத்தார். நடு இருக்கையில் உன்னையும் ஒரு பக்கம் என்னையும் உட்காரச் சொல்லி, உன்னிடம் "பச்சையில தழும்பு எங்க இருக்கு, அம்புக்குறிய வச்சுக் காட்டுங்க, பாப்போம்" என்றார்.

நீ துளியும் தயங்கவில்லை. அம்புக்குறியைக் கம்பீரமாகக் கொண்டுபோய் நல்ல சிவப்புத் தசையின் நடுவில் நிறுத்தினாய். தழும்பு பச்சைப் பசேலென்று அந்தப் பக்கம் கிடக்கிறது. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உன் கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தேன். அத்தனை வருஷத்து 'இங்கிட்டு வா'வும் ஒரே நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. மகளை அப்போதுதான் காலேஜில் சேர்த்திருந்தாய். சாயம் போடுகிறவனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது என்று மேலே எழுதினால் உன் வேலை என்ன ஆகும்?

மேடம் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் குனிவதற்குள் நான் கையை நீட்டி, ஸ்லைடை நகர்த்தும் திருகைத் திருகினேன். அம்பு நின்ற இடத்திலேயே நிற்க, தழும்பு ஆடி அசைந்து அதனடியில் வந்து சேர்ந்தது.

"ஏன் ஆடுது?" என்றார் மேடம்.

"மேசைக்கு ஒரு கால் குட்டை மேடம்" என்றேன்.

"ம்ம். சரியாத்தான் காட்டுறாரு. அப்ப பச்சையே போதுமே?"

"வேணாம் மேடம், நீலமே இருக்கட்டும்" என்று கத்திவிட்டேன். "மெல்லிசு நாரெல்லாம் நீலத்துலதான் மேடம் பிடிபடும்."

"காலையிலேர்ந்து பச்சைக்குக் கொடி பிடிச்சது நீங்கதானே?"

"இப்பத்தான் மேடம் தெளிஞ்சேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உன் ஸ்லைடை வைத்தார். வெகுநேரம் தலையை எடுக்கவில்லை. தசை இழைகளுக்கு நடுவே, என் பச்சையில் கண்ணில் படாத மெல்லிய நார்கள் நீலநீலமாக ஓடிக்கொண்டிருந்தன. "ஆமா, இதுதான் தெளிவு" என்றார். நம் லேபில் நீலம் ஜெயித்தது இப்படித்தான். சாக்குக்காக நீ கட்டிவிட்ட பேச்சு உண்மையாக இருந்து தொலைத்தது.

டீக்கடையில் கிளாஸைக் கையில் வாங்கியதுமே நீ சொல்லிவிட்டாய்.

"செவப்பு, பச்சை ரெண்டும் எனக்கு ஒரே பழுப்புதான் மாப்ள. காஞ்ச எலை கணக்கா."

"அப்ப வேலைக்குச் சேரும்போது கண் டெஸ்ட்டு?"

"புள்ளிப் புள்ளியாப் படத்தக் காட்டி, உள்ள என்ன நம்பர்னு கேட்டாங்க. எனக்கு முன்னாடி போனவன் சத்தமாப் படிச்சான். நானும் அதையே சொன்னேன்."

கீரனூர்ச் சந்தையில் நீ தக்காளியை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து வியாபாரியிடம் திட்டு வாங்குவதன் ரகசியம் அன்றுதான் விளங்கியது. ஆனால் என் கவலை வேறு.

"அப்ப எங் கண்ணு கழுகுக் கண்ணுன்னு சொன்னது?"

"பக்கத்துல வேற யாரு இருந்தா?" என்றாய்.

ஒரு வாரம் உன்னோடு நான் பேசவில்லை. ஸ்லைடு மட்டும் பார்த்துச் சொன்னேன். நாம் இருவரும் ஓய்வு பெறும்வரை அப்படியே பார்த்துச் சொன்னேன். போன வருஷம் உன் இருதயம் யாரையும் கேட்காமல் நின்றுவிட்டது. கீரனூருக்கு வந்து உன்னைப் பார்த்துவிட்டு, திரும்புகிற பஸ்ஸில் அழுதேன். கண்டக்டர் டிக்கெட்கூடக் கேட்கவில்லை. அரட்டைக்கு நீ இல்லாத எந்த லேபும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு இப்போது ஒரு தனியார் லேபில் இதே சாயம் போடுகிற வேலைதான் பார்க்கிறேன். கூட வேலை பார்ப்பவள் செல்வி, கெட்டிக்காரி. சில மாதமாக நீலம் மங்கலாக விழுகிறது என்று அவளைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். சாயம் பழசு என்றேன், அலசினது ஜாஸ்தி என்றேன். "சார், நீலம் நல்லா பளிச்சுன்னுதானே இருக்கு?" என்றாள். கண் டாக்டரிடம் போனேன். இரண்டு கண்ணிலும் புரையாம்; அதில் நீலம்தான் முதலில் மங்குமாம். பொங்கல் கழித்து ஆபரேஷன்.

அதுவரை என்ன செய்ய? இன்று காலை ஸ்லைடை வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினேன்.

"செல்வி, இங்கிட்டு வாம்மா. ஒனக்குக் கழுகுக் கண்ணு. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு நிம்மதி."

முகம் மலர ஓடி வந்தாள். பார்த்துச் சொன்னாள், சரியாகச் சொன்னாள். காரியத்துக்காகத்தான் அவளைக் கூப்பிட்டேன். ஆனால் சொன்னது பொய்யில்லை மாப்பிள்ளை, அவளுக்கு நிஜமாகவே நல்ல கண். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. நீயும் நிஜமாகத்தான் சொன்னாயோ?

இல்லை என்று சொல்ல நீ இல்லை. அதனால் ஆமாம் என்றே வைத்துக்கொள்கிறேன்.