வால்வுக்குள் ஒரு விசில்

ஏற்காடு,
ஞாயிறு மதியம்.

என் பிரியமுள்ள உங்களுக்கு,

யாஸ்மின் எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும். மாமாவுக்கு இருமல் விட்டுவிட்டது, கடைக்குப் போகத் தொடங்கிவிட்டார். ரபியாவுக்கு முன்பல் விழுந்து, சிரித்தால் ஓட்டை தெரிகிறது. நான் நன்றாக இருக்கிறேன். மஸ்கட் வெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீங்களா?

தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீங்க. குப்பனூர் அருண்குமார் லீவு முடிந்து மஸ்கட்டுக்குக் கிளம்புகிறார். அவரிடம் உங்களுக்கு மிளகும் காப்பித்தூளும் கொடுத்துவிடுகிறேன். கூடவே இதையும். உங்க கிடாருக்காக நீங்க பார்த்துவரச் சொன்ன அந்தப் பழைய வால்வு ஆம்ப் விஷயத்தைப் போனில் அரையும் குறையுமாகத்தான் சொன்னேன். முழுசாகச் சொல்ல எழுதினால்தான் முடியும் என்று தோன்றியது.

சேலத்திலிருந்து தஸ்லீமா வந்திருந்தாள். உங்க தங்கச்சியைக் கூட்டிக்கொண்டுதான் வாழவந்திக்குப் போனேன். நீங்க போன பிறகு அலமாரி மேலேயே கிடந்த உங்க கிடாரைத் துடைத்து, ஸ்கூட்டியில் அவள் மடியில் வைத்துக்கொண்டு போனோம். ஆம்ப்பை விற்கிற டோமினிக் ஐயா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். சர்ச் பாட்டுக்குழுவில் ரொம்ப நாள் கிடார் வாசித்தாராம். இந்தக் குளிர் மூச்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சேலத்தில் மகள் ஊட்டுக்குப் போகிறார். அங்கே இதை வைத்து வாசித்தால் பக்கத்து ஊட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று சிரித்தார்.

ஆம்ப் நம்ம இரும்புப் பெட்டி அளவு இருக்கிறது. கனமோ இரண்டு பெட்டிக் கனம். நீங்க சொல்லிக்கொடுத்ததை எல்லாம் வரிசையாகப் பார்த்தேன். கருகிய வாசம் இல்லை. ஸ்பீக்கர் காகிதம் கிழியவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், கையை விடாதே என்றீங்களே, அதனால் எட்டி நின்று டார்ச் அடித்துத்தான் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் பின்பக்கம் கண்ணாடி பல்பு மாதிரி இருக்கிற வால்வு ஒவ்வொன்றாக ஆரஞ்சு நிறத்தில் பற்றியது. உள்ளே தகடு சிவக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன், சிவக்கவில்லை. பொண்ணு பாக்க வந்த சம்பந்தி ஊட்டம்மா கூட இவ்வளவு நோண்ட மாட்டாங்க, நொம்ப விவரமுங்க நீங்க என்றார் டோமினிக் ஐயா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகு உங்க கிடாரை மாட்டி வாசித்தார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மெல்லத் தொட்டால் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அழுத்தி வாசித்தால் தொண்டை கட்டின மாதிரி ஒரு கரகரப்பு. ஏன் இதற்கு இத்தனை ஆசைப்பட்டீங்க என்று அப்போது புரிந்தது. ஆனால் சத்தத்தைக் கூட்டினதும் மெலிசாக ஒரு விசில் வந்தது. குக்கர் கூவுவதற்கு முன்னால் ஈயென்று இழுக்குமே, அதே மாதிரி. கிறிஸ்துமஸுக்கு வாசித்தபோதுகூட இது இல்லையே என்று அவரே திகைத்துப்போனார்.

அதைப் பதிவு செய்துதான் உங்களுக்கு அனுப்பினேன். ஹெட்போன் போட்டு ரெண்டு தடவை கேட்டேன், துளி இரைச்சல் இல்லை, சுத்தமா இருக்கு, வாங்கிடு என்று உடனே பதில் போட்டீங்க. பதிவில் அந்த விசில் விழவில்லை போல என்று நினைத்தேன். தஸ்லீமா அதைத் தன் போனில் வாங்கிப் போட்டாள். கிடாருக்கு மேலே தெள்ளத்தெளிவாகக் கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அண்ணனுக்கு இது கேக்கலையா மதினி என்றாள். அங்கே நெட்வொர்க் சரியில்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்க வார்த்தை என்று உறைத்தது.

ரபியா பேச வரும்போதெல்லாம் நீங்க நெட்வொர்க், நெட்வொர்க் என்பீங்க. போனை நான் வாங்கினதும் நெட்வொர்க் சரியாகிவிடும். அவளுக்கு என் குரல் மாதிரி இல்லை, ஊசி மாதிரிக் கீச்சுக் குரல். காலையில் உங்க அறையில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், நீங்க பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பீங்க, நான்தான் அணைக்கச் சொல்வேன். போன மாசம் ரபியா, அத்தாவுக்கு என்னைப் பிடிக்காதா என்று கேட்டாள். அப்படிப் பேசாதே கண்ணு என்று அதட்டிவிட்டேன். எல்லாம் டோமினிக் ஐயா ஊட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. காதடைக்கும் அந்த ஜெனரேட்டர் ஹாலில் எத்தனை வருஷமாக நின்று வேலை பார்க்கிறீங்க!

அதற்குள் அவர் பென்சிலால் வால்வுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஒன்றைத் தட்டினதும் ஸ்பீக்கரில் டிங்கென்று மணி அடித்தது. இதுதானுங்க ஆளு என்று சொல்லி, அணைத்து ஆறவிட்டு, தன்னிடம் இருந்த வேறொன்றை மாற்றினார். விசில் நின்றுவிட்டது. தஸ்லீமா கைதட்டினாள். நான் அழுதுவிடுவேனோ என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆம்ப்பை வாங்கியாகிவிட்டது. கம்பளி சுற்றி ஜீப்பில் கொண்டுவந்தோம். கூடவே வந்த டோமினிக் ஐயா நம் ஊட்டில் ஒருமுறை வாசித்துக் காட்டினார். ரபியா ஸ்பீக்கர் துணியில் உள்ளங்கையை வைத்து, காத்து வருதும்மா என்று கத்தினாள்.

மாமாவிடம் எதுவும் சொல்லவில்லை. தஸ்லீமாவோடு சேலத்தில் காது டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். ஆளைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் அந்தச் சத்தத்தில் நிற்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்க, தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கேட்பது இன்னும் குறையும் என்றார். காதில் கருவி வைத்தால் குழந்தைகள் பேச்சும் பிடிபடுமாம். உங்களுக்கே தெரியவில்லையா, தெரிந்து எங்களிடம் சொல்லாமல் இருந்தீங்களா, அதை நான் கேட்க மாட்டேன். கோபமும் இல்லை. அந்தப் பதிவில் டோமினிக் ஐயா வாசித்தது என்ன பாட்டு என்று நீங்க சரியாகச் சொன்னீங்களே, அதை நினைத்துத்தான் தைரியமாக இருக்கிறேன்.

ஏனுங்க, அடுத்த வருஷ லீவு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இந்த மாசமே வாங்க. வேலை போய்விடும் என்றால் போகட்டும். மாமாவும் கடையில் ஒற்றை ஆளாகத்தான் திணறுகிறார். நீங்க பக்கத்தில் இருந்தால் எதையும் பார்த்துக்கொள்ளலாம்.

ரபியாவிடம் அத்தா முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசு சாமி என்று சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உங்களை நல்லபடியாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் நான் பேசுவது கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்லுங்க. சிரித்து மழுப்ப வேண்டாம். எத்தனை தடவை என்றாலும் நான் திரும்பச் சொல்கிறேன்.

உங்கள்,
யாஸ்மின்