மாமா ஏன் பேசவில்லை?

என் அக்காவுக்கு,

நாம் ஓயாமல் சண்டை போட்ட அந்தக் காதல் நாவல் இப்போது முழுப் புத்தகமாக வந்திருக்கிறது. நேற்று வாங்கினேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்து அம்மா பைண்ட் செய்து வைத்திருந்த தொடர்கதையில் ஒரு வாரம் கிடையாது. காவிரித் தகராறில் தமிழ்ப் பத்திரிகைகள் பெங்களூருக்கு வராமல் போன வாரம் அது. அதற்கு முந்தைய அத்தியாயத்தில், கதாநாயகியின் காதலுக்காக அவள் அப்பாவிடம் பேசுவதாகத் தாய்மாமன் வாக்குக் கொடுக்கிறார். நம்மிடம் இருந்த அடுத்த அத்தியாயத்தில் அவளுக்கு வேறொருவனோடு கல்யாணம். மாமா பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடிக்கிறார். நடுவில் என்னதான் நடந்தது?

"பயந்தாங்கொள்ளிக்கா அந்த ஆளு" என்பேன்.

"சும்னிருடா" என்று கன்னடம் கலந்து அடக்குவாய். "அவருக்கும் ஏதாவது காரணம் இருக்கும். உனக்கு எல்லாருமே வில்லன்தான்."

"பாயசம் குடிக்கறதுக்குமா காரணம்?"

"பசிச்சிருக்கும், பாவம்" என்று சிரிப்பாய்.

நம் மாமாவும் அதையேதானே செய்தார்? நீ விரும்பியவருக்காக அப்பாவிடம் பேசுகிறேன் என்று வந்தார். காபி குடித்தார். லிங்கராஜபுரத்தில் வாங்கப்போகும் மனையைப் பற்றிப் பேசினார். பஸ் பிடித்துப் போய்விட்டார். நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய். அதன்பிறகு நீ யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. நான் அவரோடு பேசவில்லை. நீ மட்டும் தீபாவளிதோறும் அவருக்கு முறுக்கு கொண்டுபோனாய். எப்படி முடிந்தது உன்னால்?

விடுபட்ட அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். அதில் மாமாவே இல்லை, அக்கா. ஒரு வரிகூட இல்லை. எழுதியவர் அவரை மறந்தே போய்விட்டார் போலிருக்கிறது. சிரிப்பு வந்தது. "அக்கா, இதைக் கேளேன்" என்று வாய்விட்டே கூப்பிட்டுவிட்டேன். பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல் தெருவில் இறங்கி நடந்தேன்.

உன் பதின்மூன்றாம் நாள் காரியத்துக்கு மாமா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். போன வாரம் போன் செய்தார். "நடக்க முடியலப்பா. ஒரு தடவ வந்துட்டுப் போயேன்" என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

கதையில் வரும் மாமாவை இனி யாரும் கேட்க முடியாது. இவரைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். மன்னிப்பேன் என்று உனக்கு வாக்குத் தர மாட்டேன். அது என்னால் ஆகாது. அன்றைக்கு ஏன் பேசவில்லை என்று கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை, உனக்காக, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் பொல்லாத தம்பி,
ரகு