குரல் மட்டும் வந்த கச்சேரி

திருத்தணி,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான அபிகாயிலுக்கு, அத்தை பிரேமகுமாரி எழுதுவது.

மெல்போர்னில் குளிர் தொடங்கிவிட்டது என்று உன் அண்ணி சொன்னார்கள். மூச்சுத்திணறல் மருந்தைக் கையோடு வைத்துக்கொள். போனில் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கச்சேரி நடந்துவிட்டது. நீ புறப்படும் முன்பே நீங்கள் இருவரும் சேர்ந்து பேசிவைத்த மண்டபம். வேண்டாம், நிறுத்திவிடு என்றேன். கிங்ஸ்லி கேட்கவில்லை. "சென்னையில எத்தினி வாட்டி வாசிச்சோம், நம்ம ஊர்ல ஒரு வாட்டி வாசிக்கணும்னு அவதாம்மா சொல்லிகினே இருந்தா" என்றான்.

மத்தியான ரயிலில் உங்கள் பாட்டுக்கென்றே சென்னைப் பிள்ளைகள் கறுப்புச் சட்டையோடு வந்து இறங்கினார்கள். மலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் அவர்களை வேடிக்கை பார்த்தார்கள். நம் சபைப் பெண்களும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள், "மருமவ எங்கங்க, உள்ள ரெடியாயிகினு இருக்குதா?" என்று கேட்டாள். நான் "ஆங்" என்று சொல்லிவிட்டேன்.

கிங்ஸ்லி தன் இரண்டு சிந்தசைசர்களுக்கு நடுவே நின்றான். டிரம்ஸில் வழக்கம்போல உங்கள் கூட்டாளி இவான். நீ நிற்கும் இடத்தில் மைக் மட்டும் இருந்தது. நீல விளக்கும் புகையும் போட்டார்கள். காய்ச்சலில் படுத்திருக்கும்போது அடுத்த அறையில் யாரோ ஆர்கன் வாசிப்பது போல எனக்குக் கேட்கும், உங்கள் இசை. அதற்குள்ளிருந்து உன் குரல் வந்தது. பதிவு செய்து வைத்திருந்ததாம். பாடும் முன் நீ மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. புகைக்குள் நீ இருக்கிறாய் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். எல்லாம் தெரிந்த நானும் எட்டிப் பார்த்தேன்.

பிறகு, வயிற்றிலிருந்த பிள்ளைக்காக நீ எழுதிய தாலாட்டு வந்தது. பாதியில் கிங்ஸ்லி கையை எடுத்துவிட்டான். இவானும் நிறுத்தினான். உன் குரல் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டே போனது. அவன் அதை அணைத்துவிட்டு, "அபி வரலைங்க. இனிமே வரமாட்டாங்க. இவ்ளோ நேரம் உங்கள ஏமாத்திட்டேன், மன்னிச்சிருங்க" என்றான்.

யாரும் எழுந்து போகவில்லை. கோவிந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீதிப் பாட்டை உன் குரல் இல்லாமலே அவன் வாசித்து முடித்தான்.

இன்று காலை ஆராதனைக்குக் கிளம்பும் முன், உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டான். இத்தனை நாள் பிரிக்காமலே வைத்திருந்தான். "அவள இனிமே காக்க வெக்க வேணாம்மா" என்றான். இதோடு வைத்திருக்கிறேன். உன் குரலை இனி மேடையில் போடமாட்டானாம். அது உன்னுடையது என்கிறான்.

பிள்ளை பிறந்து தங்காமல் போன பிறகு, ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் நீங்கள் அழுததைப் பார்த்தவள் நான். யார் மேல் குற்றம் சொல்வேன்? உன் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அங்கே பாடாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தக் காகிதங்களை வக்கீலிடம் கொடுக்கும் முன் ஒரு தடவை அவனுக்குப் போன் செய். எடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பான். வைத்துவிடாதே அம்மா, கொஞ்ச நேரம் இரு.

எங்கே இருந்தாலும் கர்த்தர் உன்னைக் காப்பாராக.

உன் நினைவாகவே இருக்கும்,
பிரேமகுமாரி