மேனேஜர் பங்கிட்ட மெமரி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

ஆபீசில் புது லேப்டாப்கள் வாங்கினார்கள். நாற்காலியைப் போல மெமரியையும் பதவி பார்த்துப் பங்கிட்டார் மேனேஜர். "நீ கோடுதானேம்மா போடுற, எட்டு ஜிபி போதும்" என்றார், கட்டட வரைபடம் போடும் என்னிடம். மெயில் மட்டும் பார்க்கும் அவருக்கு அறுபத்துநாலு. நாய்க்கு முழுத் தேங்காய் கிடைத்த கதைதான். அதில் சீட்டு விளையாடுகிறார், அதிலும் தோற்கிறார். எனக்கோ ஒரு மாடியின் வரைபடம் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

தங்கியிருக்கும் அறைக்கும் இதே லேப்டாப்பைத்தான் தூக்கிப் போகிறேன். வரைபடம் திறந்திருந்தால் நம் வீடியோ கால் உறைந்துவிடுகிறது. "லைன் போச்சு" என்று உடனே வைத்துவிடாதே அம்மா. மற்ற நேரமெல்லாம் அடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாய். திரையில் நீ உறைந்து நின்றால்தான் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

மேனேஜர் எழுந்து வருகிறார். மறுபடி தோற்றுவிட்டார் போலிருக்கிறது.

உன் மகள்